மீன் சாப்பிட்ட வீகனை விரட்டியது நியாயமா?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 6: வருடக்கணக்கில் பச்சைக் காய், பழம் மட்டும்தான் சாப்பிடுகிறேன் என்று சொல்லி டயட் பிளான் விற்ற ஒரு பெண், பாலித் தீவில் மீன் தட்டோடு மாட்டிக்கொண்டார். ஏமாற்றியவரைத்தானே மக்கள் விரட்டினார்கள்? இதற்குப் போய் ஏன் 'கேன்சல் கலாச்சாரம்' (ஒருவரைக் கூட்டமாகத் திட்டி ஒதுக்கிவைப்பது) என்று வருத்தப்பட வேண்டும்?

பிப்ரவரி 6, இரவு

நீங்கள் சொல்வது யோவானா மெண்டோசாவை. ராவானா என்ற பெயரில் இருந்தவர். தன்னை வீகன், அதாவது இறைச்சி, மீன், முட்டை, பால் என்று விலங்கிலிருந்து வரும் எதையும் சாப்பிடாதவர் என்று சொல்லிக்கொண்டவர். 2019 மார்ச்சில் இன்னொரு யூடியூபரின் பயண வீடியோவில் சில நொடிகள் வந்து போனார். முன்னால் மீன் இருந்தது. கேமரா தன் பக்கம் வருவதைப் பார்த்ததும் கையை வைத்துத் தட்டை மறைத்தார். அந்தச் சில நொடிகளை மட்டும் வெட்டி எடுத்து ஊரெல்லாம் சுற்றவிட்டார்கள். அப்போது இன்ஸ்டாகிராமில் மட்டும் அவருக்கு 13 லட்சம் ஃபாலோயர்கள். கமெண்ட் முழுக்க மீன் படமும், துரோகி என்று குத்திக்காட்டப் பாம்புப் படமும். ஃபிஷ்வானா என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

பிறகு 33 நிமிட வீடியோ ஒன்றில் அவர் விளக்கம் சொன்னார். மாதவிடாய் நின்று போயிருந்தது, சிறுகுடலில் பாக்டீரியா பெருகியிருந்தது, மருத்துவர்கள் சொன்னதால் முட்டையும் மீனும் சேர்க்க ஆரம்பித்தேன் என்றார்.

நீங்கள் இரண்டு விஷயங்களை ஒன்றாக முடிச்சுப் போடுகிறீர்கள். மீன் சாப்பிட்டது ஒன்று. உடம்பு தாங்காத ஒரு முறையை, தாங்கவில்லை என்று தெரிந்த பிறகும் நல்லது என்றே உலகத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தது வேறொன்று. இரண்டாவதுக்குக் கணக்குக் கேட்டே ஆக வேண்டும். ஆனால் கூட்டம் கேட்டது முதலாவதைத்தான். அந்தக் கமெண்டுகளைப் படித்துப் பாருங்கள். 'உன் திட்டத்தைப் பின்பற்றி எனக்கு உடம்பு கெட்டது, பதில் சொல்' என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர். 'துரோகி' என்றவர்கள்தான் ஏராளம்.

பிப்ரவரி 7, காலை

நான் எங்கே நிற்கிறேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நான் வீகன். பால், தயிர், நெய், தேன் எதுவும் கிடையாது. விலங்குகளுக்காக விட்டேன், இன்றைக்கும் அதே காரணம்தான். அழகாவதற்காகவோ இளைப்பதற்காகவோ விடவில்லை. அதனால்தான் இந்தப் பேச்சில் எனக்கு இவ்வளவு அக்கறை. எங்கள் ஆட்கள் செய்ததைத்தான் தப்பு என்கிறேன்.

பிப்ரவரி 7, மதியம்

'இயற்கை உணவுதானே, அதில் எப்படி உடம்பு கெடும்?' என்று கேட்டவருக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இது புரியாமல் இந்த இன்ஃப்ளூயன்சர் கதைகள் எதுவும் புரியாது.

டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் 1944 நவம்பரில் இங்கிலாந்தில் வீகன் சங்கத்தைத் தொடங்கினார்கள். நரம்புக்கும் ரத்தத்துக்கும் தேவையான, செடிகொடி உணவில் கிடைக்காத பி12 வைட்டமினைத் தனியாகப் பிரித்தெடுத்தது 1948இல். அதாவது தங்கள் உணவில் எது இல்லை என்பதே தெரியாமல் முதல் தலைமுறை வீகன்கள் சில வருடங்கள் வாழ்ந்தார்கள். சிலருக்கு நாக்கு எரிச்சலும் நரம்புக் கோளாறும் வந்தது. 1950களில் இங்கிலாந்து மருத்துவர்கள் அதைப் பதிவு செய்தார்கள். காரணம் தெரிந்ததும் பி12 மாத்திரையும், பி12 சேர்த்த உணவும் வந்தன. பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. தீர்வு தெரிந்து எழுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது!

பி12 கல்லீரலில் சேமிப்பாக இருக்கும். நீங்கள் முட்டை, பால், மீன் எல்லாவற்றையும் இன்றைக்கு நிறுத்தினாலும் அந்தச் சேமிப்பு பல வருடம் வரும். அதனால் முதல் வருடம் ஒன்றும் தெரியாது. எண்ணெயும் மைதாவும் சர்க்கரையும் குறைந்ததால் உடம்பு இலேசாக இருக்கும், முகம் தெளிவாகும். அந்த நேரத்தில்தான் சேனல் ஆரம்பிக்கிறார்கள், புத்தகம் போடுகிறார்கள், பிளான் விற்கிறார்கள். சேமிப்பு தீரும்போது அவர்கள் பிழைப்பே அந்தப் பெயரில் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கீரையில் ஃபோலேட் என்ற வைட்டமின் நிறைய. பி12 குறைந்தால் வர வேண்டிய ரத்தசோகையை அது மறைத்துவிடும். ஹீமோகுளோபின் நன்றாகக் காட்டும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டிருக்கும்.

பச்சையாக மட்டும் சாப்பிடுவது, வாரக்கணக்கில் தண்ணீர் மட்டும் குடித்துப் பட்டினி கிடப்பது, இதெல்லாம் வீகனுக்குச் சம்பந்தமே இல்லாத விஷயங்கள். மெண்டோசாவே 25 நாள் தண்ணீர் விரதம் இருந்திருக்கிறார். பிரிட்டனின் ஃப்ரீரன்னிங் (சுவர், கட்டிடம் தாவி ஓடும் விளையாட்டு) வீரர் டிம் ஷீஃப் 35 நாள் இருந்தார். அதற்கும் மாட்டைக் கொல்லாமல் இருப்பதற்கும் என்ன தொடர்பு?

பிப்ரவரி 7, இரவு

மதியம் எழுதியதோடு என் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீகனாகிச் சில வருடம் கழித்து எனக்குப் பாதத்தில் மரத்துப் போகிற மாதிரி ஒரு உணர்வு வந்தது. செருப்பு காலில் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும். டாக்டரிடம் போனேன். சாப்பாடு பற்றிக் கேட்டார், ரத்தம் பார்த்தார், பி12 ரொம்பக் கீழே. ஊசி போட்டு, பிறகு மாத்திரை. அவர் வீகனை விடச் சொல்லவில்லை. "எதையும் விட வேண்டாம்மா, இந்த மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க" என்றார். சரியாகிவிட்டது.

அப்போது நான் ஒரு வீகன் வாட்ஸப் குழுவில் இருந்தேன். நல்ல குழு. மிளகாய்க் காம்பு போட்டு நிலக்கடலைப் பாலை உறைய வைத்துத் தயிராக்குவதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்கள்தான். அங்கே என் ரத்தப் பரிசோதனையைப் போட்டு, எல்லோரும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். வந்த பதில்கள்: 'இதை வெளியே சொன்னால் அசைவக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள்.' 'மண் ஒட்டிய காய்கறியைக் கழுவாமல் சாப்பிட்டால் பி12 கிடைக்கும்.' 'நீங்கள் மனதளவில் இன்னும் மாறவில்லை.' அப்புறம் குழுவில் நான் இல்லை. எடுத்துவிட்டார்கள்.

அதற்கு அடுத்த நாள் அந்தக் குழுவிலிருந்தே ஒரு தோழி தனியாக மெசேஜ் அனுப்பினார். "எனக்கும் கால் மரத்துப் போகிறது. எங்கே டெஸ்ட் எடுத்தீர்கள்?" என்று கேட்டார்.

நான் ஊசியும் மாத்திரையும் மட்டும்தான் போட்டேன், அதற்கே இந்த நிலை. முட்டை சாப்பிடுகிறேன் என்று சொன்னால் என்ன ஆகியிருக்கும்? ராவானா தட்டை ஏன் மறைத்தார் என்பது அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

பிப்ரவரி 8

'புரிந்துகொள்வது வேறு, மன்னிப்பது வேறு' என்று மேலே எழுதிய அண்ணனுக்கு: உண்மைதான். மறைக்காமல் சொன்னவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் பாருங்கள்.

ஜோர்டன் யங்கர். அமெரிக்கப் பெண். தி ப்ளாண்ட் வீகன் என்ற பெயரில் எழுதிக்கொண்டிருந்தவர். ஐந்து நாள் உடல் சுத்திகரிப்புத் திட்டம் ஒன்றை 25 டாலருக்கு விற்றார், 40,000 பேர் வாங்கினார்கள். முடி கொத்துக் கொத்தாக உதிர ஆரம்பித்தது. எந்தச் சாப்பாட்டைப் பார்த்தாலும் பயம். 'சுத்தமான' உணவைத் தவிர வேறெதையும் தொட முடியாமல் மனம் இறுகிப்போகிற இந்த நிலைக்கு ஆர்த்தோரெக்சியா என்று ஸ்டீவன் பிராட்மன் என்ற மருத்துவர் 1997இலேயே பெயர் வைத்திருந்தார். 2014இல் யங்கர் தானாகவே முன்வந்து, நான் வீகனிலிருந்து விலகுகிறேன், எனக்கு உணவுக் கோளாறு இருக்கிறது என்று எழுதினார். யாரும் அவரைக் கையும் களவுமாகப் பிடிக்கவில்லை. அவரே சொன்னார்.

கொலை மிரட்டல் வந்தது. பணத்தைத் திருப்பிக் கொடு என்றும் கேட்டார்கள். அந்தக் கடைசிக் கோரிக்கை ஒன்றுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. திட்டம் வாங்கினவர் பணம் கேட்கலாம், கேட்க வேண்டும். சாகச் சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

ஒளித்தால் துரோகி, சொன்னாலும் துரோகி. அப்படியென்றால் அடுத்தவர் எதற்காகச் சொல்வார்?

பிப்ரவரி 8, சற்று நேரம் கழித்து

கலிஃபோர்னியாவின் கஃபே கிராடிட்யூட் உணவகங்களையும் சேர்த்திருக்க வேண்டும். 2016இல் அதன் நிறுவனர்களான எங்கல்ஹார்ட் தம்பதி தங்கள் சொந்தப் பண்ணையில் வளர்த்த மாட்டிறைச்சி சாப்பிடுகிறார்கள் என்று தெரியவந்தது. உணவகத்தில் ஒரு துளி இறைச்சி இல்லை, மெனு அப்படியே வீகன்தான். ஆனாலும் புறக்கணிப்பு, கொலை மிரட்டல். அங்கே தினமும் வீகன் சாப்பாடு சாப்பிட்டுப் போகிறவர்களில் பலர் வீகன் இல்லாதவர்கள்தான். அந்தக் கடையை மூடினால் எந்த மாட்டுக்கு லாபம்?

பிப்ரவரி 9

'இதெல்லாம் வெள்ளைக்காரன் பிரச்சினை, நம்ம ஊரில் இப்படி இல்லை' என்று ஒரு பதில்.

2017 ஜனவரியை மறந்துவிட்டீர்களா? ஜல்லிக்கட்டுப் போராட்டம் மெரினாவில் நடந்துகொண்டிருந்தபோது நடிகை த்ரிஷாவுக்கு என்ன செய்தார்கள்? தெருநாய்களைத் தத்தெடுக்கச் சொல்லும் பீட்டா பிரச்சாரத்தில் நடித்திருந்தார் என்பதற்காக, அவர் செத்துப்போனதாகப் படம் போட்டு இரங்கல் செய்தி சுற்றவிட்டார்கள். காரைக்குடிப் பக்கம் அவருடைய படப்பிடிப்பை மறித்தார்கள். கடைசியில் அவர் ட்விட்டரை விட்டே கொஞ்ச காலம் விலகினார். அங்கே விலங்குகளை ஆதரிப்பவர்கள் விரட்டினார்கள், இங்கே விலங்குகளை ஆதரித்தவரை விரட்டினார்கள். பீட்டாவின் நிலைப்பாட்டைக் கேள்வி கேட்க ஆயிரம் வழி இருந்தது. ஒரு பெண்ணுக்கு உயிரோடு இருக்கும்போதே கண்ணீர் அஞ்சலி போடுவதா வழி?

அந்தப் போராட்டத்தின் கோரிக்கை பற்றி இங்கே பேசவில்லை. அதற்குத் தனியாகவே விவாதிக்கலாம்.

பிப்ரவரி 10

கறி சாப்பிடுகிற நண்பர்கள் இந்த இழையில் கொஞ்சம் சந்தோஷமாக இருப்பது தெரிகிறது. 'பார்த்தீர்களா, உங்கள் தலைவர்கள் எல்லோரும் பொய்' என்கிறீர்கள். லிவர் கிங்கைப் பற்றியும் படியுங்கள். பிரையன் ஜான்சன் என்பவர், பச்சைக் கல்லீரல் சாப்பிட்டு, ஆதிமனிதன் போல வாழ்ந்தால் இந்த உடம்பு வரும் என்று சட்டையில்லாமல் வீடியோ போட்டவர். உறுப்பு இறைச்சியைப் பொடியாக்கி மாத்திரையாக விற்றார். 2022 முடிவில் அவர் அனுப்பிய மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. அந்த உடம்புக்கு மாதம் 11,000 டாலருக்கு மேல் ஊக்கமருந்து வாங்கிக்கொண்டிருந்தார். டிசம்பரில் 'பொய் சொன்னேன்' என்று ஒப்புக்கொண்டார்.

ஒருவர் பழம் விற்றார், ஒருவர் கல்லீரல் விற்றார். இரண்டு பேரும் தங்கள் உடம்பையே சாட்சியாகக் காட்டித்தான் விற்றார்கள். ஆகவே தட்டில் என்ன இருந்தது என்பதில் பிரச்சினை இல்லை. ஒரு உடம்பைக் காட்டி எல்லா உடம்புக்கும் வாக்குறுதி கொடுப்பதுதான் பிரச்சினை.

பிப்ரவரி 10, இரவு

யாருக்கு லாபம் என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. ஒருவர் விழுந்தால் அவரைப் பற்றி மற்ற சேனல்கள் ரியாக்ஷன் வீடியோ போடுவார்கள். 2019இல் யூடியூபில் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடினால் நடுவிலும் விளம்பரம் வைக்கலாம். 2020இல் அதை எட்டு நிமிடமாகக் குறைத்தார்கள். சில நொடி மீன் காட்சியைப் பதினைந்து நிமிடம் பேசுவதற்கு அதுவும் ஒரு காரணம். வீகன் சேனல், வீகன் எதிர்ப்பு சேனல், பொதுவான வம்பு சேனல், மூன்று பேருக்கும் அந்த வாரம் நல்ல வருமானம். உடம்பு சரியில்லாத அந்தப் பெண்ணைத் தவிர எல்லோரும் சம்பாதித்தார்கள்.

பிப்ரவரி 12

ஒரு வாசகர் எழுதியதை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். 'நீங்கள் மனிதர்கள் மேல் கருணை காட்டச் சொல்கிறீர்கள். கொல்லப்படும் உயிருக்கு உங்கள் கருணையில் பங்கு உண்டா? வலையில் மூச்சுத் திணறிய மீன் இந்த இழையில் எங்கே?'

இது கனமான கேள்வி, இதைத் தட்டிக்கழிக்கப் போவதில்லை. எனக்கும் மீனின் வலி வலிதான். ராவானா மீன் சாப்பிட்டதை நான் கொண்டாடவில்லை. எனக்கு வருத்தம்தான். நல்ல உணவியல் நிபுணர் ஒருவர் அவருக்கு முதலிலேயே கிடைத்திருந்தால், பச்சை உணவை விட்டுச் சமைத்த பருப்பும் சோறும் சாப்பிட்டு, மாத்திரை போட்டு, வீகனாகவே இருந்திருக்க முடிந்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

ஆனால் விரட்டுவதால் மீனுக்கு என்ன கிடைத்தது? ஃபானலிட்டிக்ஸ் என்ற அமைப்பு 2014இல் அமெரிக்காவில் 11,000 பேருக்கு மேல் கேட்டு ஒரு ஆய்வு வெளியிட்டது. விலங்குகளுக்காக வேலை செய்கிற அமைப்புதான் அது, நமக்கு எதிரி இல்லை. சைவமாகவோ வீகனாகவோ மாறினவர்களில் 84 சதவீதம் பேர் திரும்ப இறைச்சிக்குப் போய்விட்டார்கள். பாதிக்கு மேல் முதல் வருடத்துக்குள்ளேயே. இதைப் படித்தபோது எனக்கு மனம் விட்டுப்போனது. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. திரும்பிப் போனவர்களில் 37 சதவீதம் பேர் மறுபடி முயற்சி செய்ய விருப்பம் என்றார்கள்.

அந்த 37 சதவீதத்தை யோசியுங்கள். கதவு திறந்திருந்தால் வரத் தயாராக நிற்கிறவர்கள் அவர்கள். அவர்கள் கண்ணெதிரே ஒரு பெண்ணைப் பாம்பு என்று கூப்பிட்டு விரட்டினால் திரும்பி வருவார்களா? கருணையை ஒரு பக்கம் வையுங்கள், கணக்குப் போட்டாலே நஷ்டம் விலங்குகளுக்குத்தான்.

வீகன் சங்கத்தின் விளக்கத்திலேயே 'இயன்ற வரை, நடைமுறைக்கு உகந்த வரை' என்று இருக்கிறது. தெரியாமல் சேர்த்த வார்த்தைகள் இல்லை அவை.

பிப்ரவரி 13

'மைலி சைரஸும் மீன் சாப்பிடுகிறேன் என்றாரே, அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே?' ஆமாம். வீகனாக இருந்த அமெரிக்கப் பாடகி அவர். 2020இல் ஜோ ரோகனின் பாட்காஸ்ட் நிகழ்ச்சியில் சொன்னார், வீகன்கள் என்மேல் பாய்வார்கள் என்பதையும் சேர்த்தே சொன்னார். திட்டு விழுந்தது. ஆனால் அவர் விற்பது பாட்டு. மேடையும் ரசிகர்களும் அப்படியே இருக்கிறார்கள். ராவானாவுக்கும் யங்கருக்கும் பெயரே கடைப்பலகை. உணவை மாற்றினால் அன்றைக்கே வேலை போய்விடும். யங்கர் தன் பெயரையே தி பேலன்ஸ்டு ப்ளாண்ட் என்று மாற்ற வேண்டி வந்தது. டிம் ஷீஃப் 2018இல் முட்டையும் சால்மன் மீனும் சாப்பிட்டதைச் சொன்ன பிறகு, தான் சேர்ந்து தொடங்கிய வீகன் உடை நிறுவனத்திலேயே இருக்க முடியவில்லை.

நம்மூரில் இளவயதில் இந்த வேலைக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் சாப்பாட்டைச் சேனலுக்குப் பெயராக வைக்காதீர்கள். உடம்பு மாறும், வயது மாறும், கர்ப்பம் வரும், நோய் வரும்.

பிப்ரவரி 15

'கூட்டம் கேட்கக் கூடாது என்றால் வேறு யார் கேட்பது?' இதற்குப் பதில் சொல்லாமல் விட்டால் நான் எழுதியது பாதிதான்.

ஆஸ்திரேலியாவின் பெல் கிப்சன் தனக்கு மூளையில் புற்றுநோய், சாப்பாட்டால் குணப்படுத்திக்கொண்டேன் என்று சொல்லி மொபைல் ஆப்பும் சமையல் புத்தகமும் விற்றார். அவருக்குப் புற்றுநோயே இல்லை. பத்திரிகையாளர்கள் 2015இல் தோண்டி எடுத்தார்கள். விக்டோரியா மாநில நுகர்வோர் அமைப்பு வழக்குப் போட்டது. 2017இல் ஃபெடரல் நீதிமன்றம் 4,10,000 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. நோயாளிகளுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் கொடுப்பதாகச் சொல்லிப் பணத்தைக் கொடுக்காமல் விட்டதற்கே பெரும்பகுதி. சரிபார்க்காமல் புத்தகம் போட்ட பென்குயின் பதிப்பகமும் 30,000 டாலர் கட்டியது. இதில் எனக்குப் பிடித்தது அந்தப் பதிப்பகத்தையும் விடாமல் பிடித்ததுதான். கூட்டம் ஒருபோதும் பதிப்பகத்தைத் தேடிப் போகாது, முகம் தெரிகிறவரைத்தான் அடிக்கும்.

இந்தியாவிலும் 2023 ஆகஸ்டில் மத்திய அரசு ஆரோக்கியம் பேசும் இன்ஃப்ளூயன்சர்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. மருத்துவர், நிபுணர் என்று சொல்லிக்கொள்பவர்கள் தகுதியை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நான் சொல்வது மருத்துவ ஆலோசனைக்கு மாற்று இல்லை என்றும் தெளிவாகச் சொல்ல வேண்டும். நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய பிளானால் உடம்பு கெட்டிருந்தால் ரசீதையும் மருத்துவ அறிக்கையையும் வைத்துக்கொண்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். அது மெதுவாக நடக்கும், தெரியும். ஆனால் அங்கே யாரும் பாம்புப் படம் போட மாட்டார்கள், உங்கள் பணத்தைப் பற்றிப் பேசுவார்கள்.

பிப்ரவரி 16

தனிச் செய்தியில் ஆறேழு பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருப்பதால் இங்கேயே போடுகிறேன். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள், சீரம் பி12 என்று கேட்டு எடுங்கள். அது எல்லைக்கோட்டில் இருந்தால் ஹோமோசிஸ்டைன் (பி12 குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஒரு பொருள்) பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கூடவே வைட்டமின் டி, இரும்பு. குறைபாடு இல்லாத பெரியவர்களுக்கு வீகன் சங்கம் சொல்லும் அளவு தினமும் 10 மைக்ரோகிராம் அல்லது வாரத்துக்கு 2,000 மைக்ரோகிராம். ஏற்கெனவே குறைந்துபோனவர்களுக்கு இது போதாது, ஊசியா மாத்திரையா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். கர்ப்பமாக இருப்பவர்களும் பால் கொடுக்கும் தாய்மார்களும் தள்ளிப்போடவே வேண்டாம், குழந்தைக்கும் அதுதான் போகிறது. கழுவாத காய்கறியிலும் ஸ்பைருலினா என்ற பாசியிலும் பி12 கிடைக்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் நம் உடம்புக்கு வேலை செய்யாத வகை.

மாத்திரை அட்டையின் பின்னால் சயனோகோபாலமின் அல்லது மெத்தில்கோபாலமின் என்று இருக்கும், இரண்டும் பி12தான். சில கேப்ஸ்யூல்களின் உறை, விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினில் செய்தது. வேண்டாம் என்பவர்கள் மருந்துக்கடையில் உறை இல்லாத மாத்திரையாகக் கேட்டு வாங்குங்கள்.